உள்ளே கேட்காத மணி

வீடியோ பெல் பூட்டுவது பெரிய வித்தை இல்லை, காதியார். கரண்ட் வேலை தெரிந்த ஆளைத் தேடிப் போகத் தேவையில்லை. கேற் தூணில் இரண்டு துளை போட்டு ஸ்குரூவை முறுக்கி, போனில் ஒரு ஆப்பை இறக்கி, பெட்டியோடு வரும் கறுப்புக் கட்டத்தை ஸ்கேன் பண்ணினால் பெல்லில் நீல வெளிச்சம் வரும். வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்ததும் வேலை முடிந்தது. சாய்ந்தமருதில் என் தங்கச்சி வீட்டு வைஃபை கேற் வரைக்கும் எட்டவில்லை. அதற்காக முன் ஹோலில் ஒரு சின்ன ரிப்பீட்டரைச் செருகினேன். அதுதான் எனக்குப் பட்ட சிரமம்.

கலியாணமும் தலாக்கும் விசாரிக்கிற உங்களிடம் இதை ஏன் வந்து சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். என்னை யாரும் பிடித்துக் கொண்டுவரவில்லை. யாருக்கும் என்மேல் சந்தேகமும் இல்லை. நானாகவே கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு தொழுவது சரியில்லை என்று படுகிறது. பொறுமையாகக் கேளுங்கள், நான் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

கல்முனையில் டைல்ஸும் பாத்ரூம் சாமானும் விற்கிற முபீன் என்றால் உங்களுக்குத் தெரியும். நுஸ்ஹா என் ஒரே தங்கச்சி. எங்கள் வாப்பா அவள் குர்ஆன் ஓதப் போகிற வயதில் மௌத்தாகிவிட்டார். நம் கிழக்குக் கரையில் நடைமுறை என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. அதைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன்மாரான காக்காமார் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கலாம். நான் கட்டாருக்குப் போய், வெயிலில் கறுத்து, அந்த வீட்டைக் கட்டினேன். விடுமுறையில் வந்தபோது தரைக் கல்லை என் கையாலேயே பதித்தேன், மேசன்மாரை நம்பவில்லை. வீட்டு உறுதிப் பத்திரம் நுஸ்ஹாவின் பெயரில் எழுதப்பட்டது. பிறகு நான் கல்முனைக்குடியில் என் மனைவியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். அங்கே மாமி எனக்குக் குறை வைப்பதில்லை. பால் தேத்தண்ணி முதலில் எனக்குத்தான் வரும். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். இதில் எனக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை, ஆண்பிள்ளைகளின் தலைவிதி இங்கே அப்படித்தான்.

நுஸ்ஹாவை மருதமுனை மிஹ்லாருக்குக் கொடுத்தோம். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர் அக்கரைப்பற்றிலிருந்து நெல் ஏற்றுகிற லொறி ஓட்டினார். குடி, சிகரெட் எதுவும் இல்லை. நுஸ்ஹாவைப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும், அதை அவருக்கு மறைக்கவும் தெரியாது. எங்கள் உம்மா மௌத்தான கிழமை முழுவதும் வீட்டில் சமைத்தது அவர்தான். அவரிடம் ஒரு பிழைதான் இருந்தது. அந்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்தார்.

ஒருநாள் நான் வழக்கம் போல முன் கதவைத் திறந்துகொண்டு போனேன். அவர் என்னை விறாந்தைக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், கோவிச்சிக்காதீங்க. வாறதுக்கு முந்தி ஒரு சத்தம் குடுத்திட்டு வாங்களன்."

"எண்ட தங்கச்சிட ஊட்டுக்கு வாறதுக்கா?"

"நானும் இரிக்கிற ஊடுதானே மச்சான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நிலையை அளந்து, மரம் பார்த்து, நான் வைத்த கதவு அது. அன்றிலிருந்து நான் வாசலில் நின்று செருமிவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டேன். கோபப்படவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு மதில் பிரச்சினை வந்தது. லொறியை உள்ளே நிறுத்த மதிலில் ஒரு பக்கத்தை உடைத்துப் பெரிய கேற் போட வேண்டும் என்றார். உடைக்க ஏலாது என்று நான் சொன்னேன். இது என் பொஞ்சாதியின் வீடு, அவள் ஓம் என்றுவிட்டாள் என்றார். நுஸ்ஹா சமையல் குசினி வாசலில் நின்றாள், இரண்டு பேருக்கும் நடுவில் அவள் வாய் கட்டிப் போயிற்று. அவள் மௌனத்தை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவருடைய உம்மாவைப் பற்றி ஒரு சொல் சொன்னேன். அது என்ன சொல் என்பது இங்கே அவசியமில்லை. அவர் வெளியே போகத் திரும்பினார். அப்போது நான் சொன்னேன்:

"ஆம்புளயெண்டா சொல்லிட்டுப் போ பாப்பம்."

அவர் சொல்லிவிட்டார். ஒரு தலாக். சொன்னதும் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டார். விடிந்ததும் வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் விடிந்ததும் அவருக்கு முன்னால் நான் எழுந்து, இரண்டு பெரியவர்களோடு போய், அவரை உங்களிடம் கூட்டி வந்தேன். ஊர் பார்க்கச் சொன்ன பிறகு பின்வாங்க ஒருவருக்கு வெட்கம் வரும். நீங்கள் பதிந்தீர்கள். ஒரு தலாக்தான், அவள் காத்திருக்கிற மூன்று மாத இத்தா முடியும் முன் மனம் மாறினால் அவளை மீட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொன்னீர்கள். அவர் தலையாட்டினார். அவர் காதில் அன்று எதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு விசயம் பாருங்கள். கட்டாரில் ஒரு மௌலவி பயானில் சொன்னார், ஒரு தலாக் சொல்லப்பட்ட பெண் இத்தா முடியும்வரை புருஷன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று. ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் மனசு இளகும், அதுதான் அதன் அழகு என்றார். நம் கரையில் வீடு பெண்ணுடையது. இங்கே ஆம்பிளைதான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். மனசு இளகுவதென்றால் கேற்றுக்கு வெளியே நின்றுதான் இளக வேண்டும். அப்போதுதான் எனக்கு கேற்றைப் பற்றிய யோசனை வந்தது.

மிஹ்லார் போன கிழமையே பெல்லைப் பூட்டினேன். நுஸ்ஹாவுக்குத் துணையாக எங்கள் பெரியம்மா சபியா உம்மாவைக் கொண்டுவந்து விட்டேன். பெரியம்மாவுக்குக் காது நன்றாக மந்தம், பக்கத்தில் நின்று கத்தினாலும் சிரிப்பா. நுஸ்ஹா நான் துளை போடுவதை உள்ளே நின்று எட்டிப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இது நல்லம் காக்கா. தனிய இரிக்கப் பயமில்ல. எண்ட போனிலயும் போட்டுத் தாங்களன், வாற ஆக்களப் பாக்கலாம்."

"இத்தா முடியட்டும் புள்ள. இப்ப ஒனக்குப் போன் என்னத்துக்கு? அல்லாஹ்வ நெனச்சிக்கிட்டு இரி."

போனை என்னிடம் தந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் சொல் கேட்கிற பிள்ளை.

பெல்லோடு இன்னொரு சின்னப் பெட்டி வரும். அதை வீட்டுக்குள் சுவரில் செருகினால், வெளியே யாராவது அமத்தும்போது உள்ளே மணி அடிக்கும். அதை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. மனம் நொந்து இருக்கிறவளை ஆளுக்கு ஆள் வந்து திடுக்கிட வைப்பானேன்? வெளியே நிற்கிறவருக்கு மணி அடித்தது கேட்கும். மணி அடிப்பது என் போனில். ஆப்பில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் என்று ஓர் இடம் கேட்டது. யாராவது ஒருவர் பெயரைப் போடத்தான் வேண்டும், என் பெயரைப் போட்டேன்.

மிஹ்லார் முதல் தடவை வந்தபோது நான் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொமட் காட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவர் முகம் வந்தது. அது கெமரா என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைக் கொலரைச் சரி பண்ணி, தலையைக் கையால் வாரிக்கொண்டார். கையில் மஸ்கட் அல்வாப் பார்சல். நுஸ்ஹாவுக்கு மஸ்கட் என்றால் உயிர். நான் போனில் பேசினதும் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

"மிஹ்லார், இத்தா இரிக்கிற பொண்டுகளப் பாக்க வரப்படாது. தெரியாதா?"

"மச்சானா? நான் அவட புருஷன் தானே மச்சான்."

"இப்ப இல்ல. போங்க."

அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை. பார்சலை கேற்றில் தொங்கவிட்டுப் போனார். பின்னேரம் அந்தப் பக்கம் போனபோது எடுத்து வந்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது.

அடுத்த தடவை மழை. லொறியை ஒழுங்கைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நனைந்துகொண்டு நின்று சொன்னார்:

"மச்சான், ஒரு சொல்லுக் கதைச்சாப் போதும். மதில் ஒண்டும் வேணா. நான் சொன்னது பிழதான். அவக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அவக்கு உங்கட குரலக் கேக்கவே ஏலாதாம், மிஹ்லார். நான் என்ன செய்யிற?"

அவர் போன பிறகு நான் பெரியம்மாவின் போனுக்குக் கோல் எடுத்தேன். எதிர்பார்த்தபடி நுஸ்ஹாதான் எடுத்தாள். என்ன கறி என்று கேட்டேன். அவள் கறியைப் பற்றிச் சொல்லவில்லை.

"காக்கா, அவரு வந்தாரா? அவர்ர லொறிச் சத்தம் மாதிரிக் கேட்டிச்சி. மழக்குள்ள வடிவா வெளங்கல்ல."

"அது சீமெந்து லொறி புள்ள. பின்னால ஆரோ ஊடு கட்டுறாங்க."

சரி காக்கா என்றாள். லொறிச் சத்தத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவள் அவரோடு ஒட்டிப் போயிருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்படி ஒட்டுவது ஒரு பெண்ணுக்கு நல்லதல்ல. அதிலிருந்து அவளை மீட்க வேண்டிய பொறுப்பு வேறு யாருக்கு இருக்கிறது?

மூன்றாவது தடவை அவர் வந்தது ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு. வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக இருந்தார். கடையைத் திறக்காமல் நான் கணக்கனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவர் பெல்லை அமத்தவில்லை. ஆள் அசைந்தாலே அந்தக் கெமரா விழித்துக்கொள்ளும். அதற்குள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, நான் கேட்கிறேனா இல்லையா என்று யோசிக்காமல், உள்ளே இருப்பவளிடம் கதைப்பது போலவே கதைத்தார்.

"நுஸ்ஹா, நான் ஒன்னத் திருப்பி எடுத்துக்கிட்டன். எண்ட பொஞ்சாதியா மீட்டிக்கிட்டன். அல்லாஹ் சாட்சி. கதவத் தொற புள்ள."

நீங்கள் இப்போது நிமிர்ந்து உட்காருகிறீர்கள், காதியார். ஓம், நானும் அன்று தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது. மீட்டிக்கொள்ளப் பெண்ணின் சம்மதம் தேவையில்லை, அவள் கேட்க வேண்டும் என்றும் இல்லை, வாயால் சொன்னால் போதும் என்பது கட்டார் மௌலவியின் அதே பயானில் வந்தது. அந்த நிமிசத்திலிருந்து நுஸ்ஹா மறுபடியும் மிஹ்லாரின் மனைவி. அது செல்லும் என்று அவருக்கு நிச்சயமில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் காத்திருந்தார். கதவு திறக்கும் என்று உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். நான் பேசுவதற்கு மைக் பட்டனை அமத்தினேன். குரலை மென்மையாகவே வைத்துக்கொண்டேன்.

"மிஹ்லார், அவ கேட்டுட்டா. அவக்கு விருப்பமில்லயாம். பொம்புள ஓம் எண்டு சொல்லாம மீட்டினா அது செல்லாது. மார்க்கம் அப்பிடித்தான். பாவத்தில விழுந்திராதீங்க."

"செல்லாதா மச்சான்?"

"செல்லாது."

அவர் நம்பினார். நான் கட்டாரில் இருந்தவன், பயான் கேட்கிறவன், பள்ளியில் முன் வரிசைச் சப்பில் நிற்கிறவன். மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஜுப்பாக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அவர் அழுததைப் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா பார்த்திருக்கிறா. அன்று பின்னேரமே கேற்றுக்கு வந்து பெல்லை அமத்தினா.

"ஏன் மகன், அந்தப் புள்ள மதிலப் புடிச்சி நிண்டு அழுதிட்டுப் போறான். உள்ளுக்கு ஆருக்கும் கேக்கல்லயா?"

"நுஸ்ஹாவுக்குத் தெரியும் உம்மா. மனசு ஒடஞ்சி போய் இரிக்கா. நீங்க அவக்கிட்ட இதக் கதைச்சா இன்னும் தாங்க மாட்டா."

"அல்லாஹ்வே. நான் ஏன் கதைக்கன் மகன்."

சொன்னபடி அவ கதைக்கவே இல்லை. நல்ல மனிசி. நல்ல மனிதர்களை எதற்கும் நம்பலாம்.

இத்தா முடிந்து நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் மிஹ்லார் இருந்தார். மீட்டிக்கொண்டீரா என்று கேட்டீர்கள். "அவக்கு விருப்பமில்லயாம் காதியார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

நுஸ்ஹா மட்டும் லேசில் விடவில்லை. அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்:

"அவரு ஒரு நாளாவது வரல்லயா காக்கா? உண்மையாவே வரல்லயா?"

நான் வாதாடவில்லை. போனில் அந்த ஆப்பைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தேன். இத்தா முழுவதும் கேற்றுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மீன்காரர், ஹவ்வா உம்மா, கரண்ட் பில் போடுகிற பெடியன், மதிலில் படுக்கிற ஒரு பூனை. அவள் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். பூனையைக் கூட விடவில்லை. மிஹ்லார் வந்ததையும், ஹவ்வா உம்மா அவரைப் பற்றிக் கேட்டதையும் நான் அன்றன்றே அழித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. மனிதர் சொன்னால் சந்தேகம் வரும், மிசின் காட்டினால் வராது. கடைசியில் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "உங்களுக்குச் சரியெண்டாச் சரி காக்கா" என்றாள். அன்றோடு அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். பெல் பூட்டியதில் இப்படி ஒரு நன்மையும் கிடைத்தது.

பெண் கேட்டது முஹ்ஸின். கட்டாரில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், அக்கரைப்பற்றுக்காரன். தங்கமான குணம். வருசத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவான், வந்தால் விருந்தாளி போல இருந்துவிட்டுப் போவான். கேற்றைப் பற்றியோ மதிலைப் பற்றியோ ஒரு வார்த்தை கதைக்க மாட்டான். எனக்கு மனதுக்கு ஒத்த மாப்பிள்ளை.

வாப்பா இல்லாததால் அவளைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பாளி, வலீ, நான்தான். பள்ளிவாசலில் ஊர் பார்க்க முஹ்ஸினின் கையைப் பிடித்துக்கொண்டு, என் தங்கச்சியை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொன்னேன். வேறொருவரின் மனைவியைத்தான் கொடுக்கிறேன் என்பது அந்த நேரமும் ஞாபகத்தில் இருந்தது. சொற்களைத் தடக்காமல் சொல்லி முடித்தேன். தெரியாமல் செய்கிறவர் மேல் குற்றமில்லை என்பது உங்களுக்கே தெரியும். முஹ்ஸினுக்குத் தெரியாது. நுஸ்ஹாவுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். அவர்கள் இருவருடைய பங்கையும் நானே சுமந்தேன் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். சுமப்பது காக்காமாருக்குப் புதிதல்ல.

கடந்த அறுவடை நேரம் மிஹ்லார் மௌத்தானார். பொத்துவில் ரோட்டில் மாட்டுக்கு விலக்கப் போய் லொறி குடைசாய்ந்தது. அவர் மறு கலியாணம் கட்டவே இல்லை. ஏன் கட்டவில்லை என்று எனக்குத் தெரியாது. மையித்தை மருதமுனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். செய்தி கேட்டு நான் நுஸ்ஹாவிடம் போனபோது அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒருக்கா மொகத்தப் பாத்திட்டு வாறன் காக்கா. தூரத்தில நிண்டு பாத்திட்டு வந்திருவன்."

"அந்நிய ஆம்புள புள்ள. நீ இப்ப வேற ஒருத்தர்ர பொஞ்சாதி. பாக்கப்படாது."

அவள் அபாயாவைக் கழற்றி மடித்து வைத்தாள். புருஷனின் மையித்தை மனைவி பார்க்கலாம், குளிப்பாட்டக் கூட மார்க்கம் அவளுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதை அன்று சொல்லியிருக்க ஏலாது. ஊர் கூடியிருந்த இடம். நான் போய்த் தொழுகையில் நின்றேன், மண்ணும் போட்டேன்.

இதோடு விசயம் அடங்கியிருக்கும். நானும் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். போன கிழமை முஹ்ஸின் கட்டாரிலிருந்து கோல் எடுத்தான். நுஸ்ஹா இப்போது முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாதம். அவன் சந்தோசத்தில் இருந்தான்.

"முபீன், நான் விசாவ முடிச்சிட்டு ஒரேயடியா வாறன். புள்ள பொறக்கக்குள்ள நான் ஊட்டில இரிக்கணும். இனிக் கட்டார் போதும்."

நல்லது என்றேன்.

"அந்தப் பெல்லுட பாஸ்வேர்ட அனுப்புடா. இனி எண்ட போனில போட்டுக்கிறன். நுஸ்ஹாட போனிலயும் போட்டுக் குடுப்பம், பாவம் கேட்டுக்கிட்டே இரிக்கா. ஒனக்கும் கரச்சல் கொறயும்."

அனுப்புகிறேன் என்றேன். அன்றிலிருந்துதான் எனக்கு மனது சரியில்லை. தொழுகையில் நிற்க ஏலவில்லை. நாம் இப்படி ஒரு செல்லாத நிக்காஹ்வைச் செய்து வைத்து, அதைத் தொடரவும் விட்டுக்கொண்டிருக்கிறோமே, நாளைக்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வது என்று உறுத்துகிறது. அதற்கு முந்தி ஏன் உறுத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மனிதனுக்கு நேர்வழி காட்டும் ஹிதாயத் எந்த நேரம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

மிஹ்லார் வந்த எல்லாவற்றையும் அழித்தேன் என்று சொன்னேன். அந்த ஜும்ஆ நாளை மட்டும் அழிப்பதற்கு முன் வேறொரு போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். இதோ இருக்கிறது. முகம் தெளிவு, குரல் தெளிவு, நாளும் நேரமும் மூலையில் விழுந்திருக்கிறது. "மீட்டிக்கிட்டன்" என்கிற சொல் வடிவாகக் கேட்கும். என் குரலும் அதில் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. நீங்கள் பார்த்துவிட்டு, நுஸ்ஹாவுக்கும் முஹ்ஸினுக்கும் நடந்த நிக்காஹ் செல்லாது என்று எழுதித் தர வேண்டும். அவன் பிளேன் ஏறுவதற்கு முந்தித் தந்தால் நல்லது. பிள்ளைக்குக் குறை வராது, அதை நான் விசாரித்துவிட்டேன். தெரியாமல் நடந்ததற்குப் பிள்ளை முஹ்ஸினுக்கே சேரும். அவன் தூரத்தில் இருந்து செலவுக்கு அனுப்பட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அந்நிய ஆம்பிளை அந்த வீட்டில் வந்து படுக்க ஏலாது. உறுதி யார் பெயரில் இருந்தாலும், ஒரு பெண் தனியாக இருக்கிற வீட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும்.

மறுபடி நிக்காஹ் செய்து வைக்கலாமே என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். அதற்கு வலீ சம்மதிக்க வேண்டும். வலீ நான்.

ஊர் என்னைத் துப்பும். அது தெரிந்துதான் வந்திருக்கிறேன். என் மனைவி என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம், அது அவளுடைய வீடு, சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. அப்படி ஆனால் நான் சாய்ந்தமருதுக்கே போய் இருந்துகொள்வேன். நுஸ்ஹா கொஞ்ச நாள் கோபத்தில் இருப்பாள். உம்மா இல்லை, வாப்பா இல்லை, புருஷனும் இல்லை என்றான பிறகு அவள் யாரிடம் போவாள்? கோபத்தோடேயே எனக்குச் சோறு போடுவாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை.

அவளுக்கு நீங்கள் ஆள் அனுப்ப வேண்டாம், காதியார். காதி கோட்டுக்கும் கூப்பிட வேண்டாம், இந்த உடம்போடு அவளால் படியேற ஏலாது. இந்தப் போனை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, மிஹ்லாரின் முகத்தைக் காட்டுகிறேன். அவர் வந்தாரா, ஒரு நாளாவது வந்தாரா என்று எத்தனை தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். ஓம் புள்ள, வந்தார் என்று அவளுக்குச் சொல்லி அவளைச் சந்தோசப்படுத்த, என்னை விட்டால் இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?